ஆயாவும் நூலக வரி கட்டினாள்



எழுத்தறியாத ஒருத்தி நாற்பது ஆண்டுக்கும் மேலாக நூலகத்துக்கு வரி கட்டினாள் என்று சொன்னால் வியப்பீர்கள். வியப்பதற்கு ஒன்றுமில்லை, உங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தி இருந்திருப்பாள். நான் சொல்வது என் ஆயாவைப் பற்றி, என் தந்தையைப் பெற்றவளைப் பற்றி.

சித்தூரிலிருந்து பலமனேருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மாங்காய் மண்டிகளுக்குப் பெயர்பெற்ற பங்காருபாளையத்தில், இரண்டு அறையும் ஒரு திண்ணையும் உள்ள ஓட்டு வீடு அவளுடையது. ஆண்டுதோறும் ஊராட்சி ஆள் வந்து வீட்டு வரி வாங்கிக்கொண்டு இரசீது கொடுத்துவிட்டுப் போவார். இரசீதுகளை எல்லாம் அவள் ஒரு தகரப் பெட்டியில் போட்டு, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள். 2024 டிசம்பரில் அவள் மறைந்தபின் அந்தப் பெட்டியைத் திறந்தேன். வீட்டு வரி, விளக்கு வரி, தண்ணீர் வரி என்று செல்லும் பட்டியலில், தெலுங்கில் ‘கிரந்தாலய’ என்று தொடங்கும் ஒரு தலைப்பும் இருந்தது. ஆந்திரத்தில் வீட்டு வரியில் ரூபாய்க்கு 8 காசு நூலகத்துக்கு உரியது. அந்த எட்டுக் காசை அவள் ஒரு நாளும் தவறாமல் கட்டியிருக்கிறாள். அந்த எட்டுக் காசுக்கு நூலகம் அவளுக்கு என்ன கொடுத்தது? ஒன்றுமே கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை. அப்படி ஒரு வரி தன்னிடம் வாங்கப்பட்டது என்பதே அவளுக்குத் தெரியாது.

நூலகத்தின்மீது குறை கூற இதைச் சொல்லவில்லை. நூலக வரி என்பது அருமையான ஏற்பாடு. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் பல்லாண்டு போராடியதன் பயனாக 1948-ல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். அன்று சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்ததால், எங்கள் ஊரும் அந்தச் சட்டத்தின் நிழலில் இருந்தது. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. 1960-ல் ஆந்திரப் பிரதேசம் தனக்கென ஒரு நூலகச் சட்டம் இயற்றிக்கொண்டது. மாநிலம் மாறிற்று, மொழி மாறிற்று, இரசீதின் எழுத்தும் மாறிற்று. ஆயாவின் வரி மட்டும் மாறவில்லை!

படிக்கத் தெரியாதவளுக்கு நூலகம் என்ன கொடுக்க முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நெடுநாள் எனக்கும் விடை தெரியவில்லை. அவளுக்குக் கொடுக்க முடியாவிட்டால், அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளலாமே! இதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது. அவள் எழுத்தறியாதவளே தவிர, ஒன்றும் அறியாதவள் அல்லள். அவள் அறிந்ததைக் கேட்டு, பதிந்து, மற்றப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பது நூலகத்தின் கடமை என்கிறேன்.

இது புதுமையான எண்ணமும் அன்று. சிங்கப்பூரில் 1979-லேயே வாய்மொழி வரலாற்றுக்கென அரசே ஒரு பிரிவைத் தொடங்கிற்று. துறைமுகக் கூலிகளும் கடைக்காரர்களும் ஆசிரியர்களும் தத்தம் மொழியில் பேசினார்கள். தமிழில் பேசியவர்களும் அவர்களுள் உண்டு. இன்று அந்தப் பணி அந்நாட்டுத் தேசிய நூலக வாரியத்தின் குடைக்கீழ் நடக்கிறது. நியூயார்க் பொது நூலகம் அந்தந்தப் பேட்டை மக்களுக்கே பயிற்சி கொடுத்து, அண்டை வீட்டாரின் கதைகளைப் பதிவு செய்யச் செய்தது. அதே நகரின் பெரிய இரயில் நிலையம் ஒன்றில் 2003-ல் ஒரு சிறு கூண்டு வைத்து, இருவர் இருவராக உட்காரச் செய்து பேசவிட்டார்கள். அந்தப் பேச்சு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்கிறது. பாட்காஸ்ட் என்றும் வலையொலி என்றும் நாம் வழங்கும் தொடர்களைப் பல நாட்டுப் பொது நூலகங்கள் இப்போது தாமே நடத்துகின்றன. ஊர்க் கதையை ஊரார் குரலிலேயே, பேருந்தில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம்.

அது செல்வ நாடுகளின் வேலை என்று ஒதுக்கிவிடவேண்டாம். 1931-ல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் நூலகம் சென்றது. 1935-ல் பாதூரி நாகபூஷணம் என்ற பெரியவர் கிருஷ்ணா கால்வாயில் படகிலேயே நூலகம் நடத்தினார். வண்டியும் ஓடமும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கொடுக்கச் சென்றவர்களின் வழி வந்தவர்கள் நாம். இனி வாங்கிக்கொள்ளச் செல்லவேண்டும். அதற்கு வண்டிகூடத் தேவையில்லை, சட்டைப் பையில் உள்ள கைப்பேசி போதும்.

கைப்பேசி போதும் என்று எழுதிவிட்டேன். எழுதும்போதே கை கூசுகிறது. காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

2023 கோடையில், இளங்கலை இறுதித் தேர்வு முடித்துவிட்டு ஊருக்குச் சென்றேன். ஆயாவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது என்பது அவள் கணக்கு. திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கைப்பேசியை வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். “இன்னாத்துக்குடி இதெல்லாம் கேக்கற? படிப்புக்கா?” என்றாள். படிப்புக்குத்தான் என்று பொய் சொன்னேன். அதன்பிறகு மூன்று நாள் அவள் நிறுத்தவே இல்லை. ஏறத்தாழ மூன்று மணி நேரம் பதிந்தேன்.

இன்று என்னிடம் இருப்பது நாற்பத்திரண்டு நிமிடம். விடுதியில் ஒரு காலை, தண்ணீர் நிறைந்த வாளிக்குள் கைப்பேசி விழுந்தது. அதோடு மற்றவை போயின. ஆம்பூரில் இருக்கும் என் அத்தை மகளுக்கு வாட்ஸ்அப்பில் குரற்செய்தியாக அனுப்பிய பகுதி மட்டும் தப்பியது. பௌதிகம் படிப்பவள் நான். ஆய்வுக்கூடத்தில் எடுத்த அளவு ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் எழுதி வைக்கப் பழகியவள்! ஆயாவின் குரலுக்கு இரண்டாம் படி எடுக்கவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. நாளைக்கு எடுக்கலாம், அடுத்த விடுமுறையில் இன்னும் நன்றாகப் பதியலாம் என்று இருந்துவிட்டேன். அடுத்த விடுமுறையில் அவளுக்கு என் பெயர் மறந்திருந்தது.

போனது எது தெரியுமா? மரங்களின் பெயர். என் தாத்தா காவல் பார்த்த தோப்பில் ஒரு காலத்தில் இருந்தவை எல்லாம் கொட்டை போட்டு முளைத்த நாட்டு மாமரங்கள். கொட்டையில் முளைத்த மா ஒவ்வொன்றும் தனிப் பிறவி. ஒன்றின் சுவை மற்றொன்றுக்கு வராது. ஆகவே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆயா அந்தப் பெயர்களைத் தோப்பின் வாசலிலிருந்து கிணறு வரையில் நடந்து செல்பவள்போல வரிசையாகச் சொன்னாள். ஒவ்வொரு மரத்துக் காயும் எதற்கு ஆகும், ஊறுகாய்க்கா, குழம்புக்கா, பழுக்க வைக்கவா என்றும் சொன்னாள். எனக்கு நினைவிருப்பவை கெணத்தடிப் புளிச்சி, எண்ணெய்க் குடம், நொண்டி மரம் ஆகிய மூன்றுதான். பிற்காலத்தில் அந்தத் தோப்பை வெட்டிவிட்டுக் கூழ் ஆலைகளுக்கு ஆகும் தோத்தாபுரி ஒட்டுக்கன்றுகளை வைத்தார்கள். கிளிமூக்கு என்று நாம் சொல்வோமே, அதுதான். ஒட்டுக்கன்று எல்லாம் ஒரே தாயின் அச்சு. அவற்றுக்கு யாரும் பெயர் வைப்பதில்லை; எண்ணிக்கைதான். மரமும் இல்லை, பெயர் சொன்னவளும் இல்லை. அந்தோ! என் வாளித் தண்ணீர் அந்தத் தோப்பை இரண்டாம் முறை அழித்தது.

எஞ்சிய நாற்பத்திரண்டு நிமிடத்தில் என்ன இருக்கிறது? 1959-ல் குடியாத்தத்துக்குப் பக்கத்திலிருந்து பரதராமி வழியாக மாட்டு வண்டியில் மணப்பெண்ணாக வந்த கதை இருக்கிறது. ஆந்திரம் பிரிந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தும், வேறொரு மாநிலத்துக்குள் செல்கிறோம் என்று வண்டியில் இருந்த ஒருவருக்கும் தெரியாதாம். “திருத்தணி முருகன் அந்தப் பக்கம் போய்ட்டாரு, நாம இந்தப் பக்கமே நின்னுட்டோம்” என்று ஓரிடத்தில் சிரிக்கிறாள். அது எந்த ஆண்டு என்று கேட்டதற்கு, “பெரியவன் பொறந்த வருசம்” என்கிறாள். பெரியப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த ஆண்டு 1961. திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் முதல் நாள். ஓர் ஆண்டு பிழை! அறுபது ஆண்டுக்கு முந்தியதை அளக்கும் கருவிக்கு ஓர் ஆண்டுப் பிழை என்றால், எங்கள் ஆய்வுக்கூடத்துக் கருவிகள் சில நாணவேண்டும். தவிர, பெரியப்பாவின் சான்றிதழும் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட வயதுதான். பிழை எந்தப் பக்கம் என்று யார் கண்டது?

கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய அவள் அண்ணன் கதையும் அதில் இருக்கிறது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் போன பல்லாயிரம் பேரில் அவரும் ஒருவர். பாறை வெடித்த நாட்களில் சுரங்க வாயிலில் பெண்கள் காத்து நின்றதை அவர் சொல்லக் கேட்டு, ஆயா எனக்குச் சொல்கிறாள். 2001-ல் அந்தச் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்கு ஏடுகளில் இருக்கிறது. வாயிலில் நின்றவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது ஆயாக்களிடம்தான் இருக்கிறது.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். பங்காரு என்றால் தெலுங்கில் பொன். சித்தூர்ப் பாளையங்களில் ஒன்றாக இருந்த ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பினியாரோடு மோதிய பாளையக்காரர்களின் வட்டாரம். அந்தச் செய்தியை 1881-ல் காக்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி எழுதிய வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் காணலாம். பாளையக்காரர் இருக்கிறார், கலெக்டர் இருக்கிறார், பேஷ்குஷ் தொகை இருக்கிறது. மூட்டை சுமந்தவன் அதில் பேசுவதில்லை. கிரியர்சன் என்பவர் 1894-ல் தொடங்கி 1928 வரை இந்திய மொழிகளை எல்லாம் அளந்தாரே, அந்தப் பேரளவையிலும் சென்னை மாகாணம் சேர்க்கப்படவில்லை. ஆக, எங்கள் மூதாதையர் பேசிய பேச்சு வெள்ளையர் ஏட்டிலும் ஏறவில்லை. நம் ஏட்டிலும் இன்னும் ஏறவில்லை.

இனி நூலகத்துக்குப் போன கதை. சென்ற ஆண்டு எஞ்சிய ஒலிப்பதிவை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு பொது நூலகம் ஒன்றுக்குச் சென்றேன். எது என்பது வேண்டாம். அங்கிருந்தவர் நல்லவர். நாற்காலி போட்டார், பொறுமையாகக் கேட்டார். பிறகு சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பகம், பக்கம், விலை என்று கட்டங்கள் இருந்தன. “இதில் உங்கள் ஆயாவை எந்தக் கட்டத்தில் எழுதட்டும், அம்மா?” என்றார். பேசியவள் ஆசிரியரா, பதிந்தவள் ஆசிரியரா? பதிப்பகம் எது? பக்கம் எத்தனை? விலை என்ன? தணிக்கையாளர் வந்து கேட்டால் என்ன சொல்வது? அவர் கேட்டதில் ஏளனம் இல்லை. மொழி என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கேதான் இருவருமே திகைத்தோம். ஆயா பேசியது தமிழ்தான். ஆனால் மண்டியும் ஆசுபத்திரியும் தாசில்தாரும் வரும்போதெல்லாம் தெலுங்குக்குத் தாவிவிடுவாள், கோபம் வந்தாலும் தெலுங்குதான். தமிழ் என்று எழுதினால் தெலுங்கு நூலகத்தில் அதற்கு அலமாரி இல்லை. தெலுங்கு என்று எழுதினால் பொய். பென் டிரைவோடு திரும்பி வந்தேன்.

இந்த இடத்தில் நம் மன்றத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். செயலாளர் கோபித்துக்கொள்ளமாட்டார் என நம்புகிறேன். ஆண்டுதோறும் தமிழ் வாழுமா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். ஒரு கட்சி வாழும் என்கிறது. ஒரு கட்சி வீழும் என்கிறது. நடுவர் வாழும் என்று தீர்ப்பளிக்கிறார். கைதட்டிவிட்டு எலுமிச்சைச் சோறு சாப்பிடப் போகிறோம். திருப்பதி மலையடிவாரத்தில் படிக்கும் நம்மில் பலரும் எல்லையோரத்துப் பிள்ளைகள். சித்தூரிலும் நகரியிலும் குப்பத்திலும் நம் வீட்டுக் கிழவிகள் பேசும் தமிழ் மேடைத் தமிழ் அன்று. அதைக் கேட்டால் நம் பேச்சாளர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஆனால், வாழுமா வீழுமா என்ற கேள்வி உண்மையில் எந்தத் தமிழைப் பற்றியது? அச்சில் ஏறிய தமிழ் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. இன்னும் பத்தாண்டில் கேட்க முடியாமற் போகும் தமிழ், “வந்துகினு இருக்கான்” என்று சொல்லி அடுத்த மூச்சில் தெலுங்கில் மாட்டை அதட்டும் தமிழ்தான்.

யூடியூபில் ஏற்றிவிட்டால் ஆயிற்று, நூலகம் எதற்கு என்று என் அறைத் தோழி கேட்டாள். ஏற்றுங்கள், தடையில்லை. ஆனால் அது ஒரு நிறுவனத்தின் கடை. நாளை அது கணக்கை மூடலாம், நீங்களே கடவுச்சொல்லை மறக்கலாம். அங்கே எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான் மதிப்பு. ஒரு கிழவி மாமரத்தின் பெயர் சொல்வதை எத்தனை பேர் பார்ப்பார்கள்? நூலகத்தில் யாரும் கேட்காத பதிவும் இடம் பெறும். என்றோ ஒருவன் தேடி வரும்வரை அது காத்திருக்கும். அதற்குச் சட்டம் இருக்கிறது, வரி இருக்கிறது. வசூலித்த வரியை உள்ளாட்சிகள் நூலகத்துக்குச் செலுத்தாமல் நிலுவை வைக்கின்றன என்ற பழைய புகாரும் இருக்கிறது. அதற்காக நூலகத்தைக் கைவிட முடியாது, நிலுவையைக் கேட்க வேண்டும்.

நூலகமும் அழியக்கூடியதே. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதை மறவாத ஈழத்து இளைஞர்கள் 2005-ல் நூலகம் என்னும் பெயரிலேயே ஒரு மின்னூலகத்தைத் தொடங்கினார்கள். தொண்டர்களின் உழைப்பால் வளர்ந்த அந்த நிறுவனம் இன்று ஏடுகளோடு வாய்மொழி வரலாறுகளையும் சேர்க்கிறது. அரசு வந்து செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்ற பாடத்தை அவர்கள் நெருப்பிலிருந்து கற்றார்கள். நான் வாளியிலிருந்து கற்றேன்.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். ஊர்ப் பெருமை பேசும் பதிவுகள் என்றால் எல்லாருக்கும் பிடிக்கும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் மொகிலீஸ்வரர் கோயில் இருக்கிறது. மொகிலி என்றால் தாழை. திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை இருக்கிறது. இவற்றைப் பற்றி இனிமையாகப் பேச ஆயிரம் பேர் வருவார்கள். பேசட்டும், நானும் கேட்பேன். ஆனால் பெருமையை மட்டும் பதிவதென்றால் ஜாத்திரை ஒலிபெருக்கியே போதும், நூலகம் வேண்டாம். 2025 கோடையில் எங்கள் மண்டியில் தோத்தாபுரி விலை சரிந்தது. ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தரவேண்டும், மேலே 4 ரூபாய் அரசு தரும் என்று அறிவிப்பு வந்தது. பிற மாநிலத்து மாங்காய் சித்தூர் மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று ஜூனில் தடை போட்டார்கள். கருநாடக முதல்வர் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார். ஆலை வாயிலில் வண்டி வண்டியாக நின்றார்கள். செய்தித்தாளில் தலைவர்கள் பேசியது இருக்கிறது. வண்டியில் மாங்காய் மேலேயே படுத்து உறங்கியவன் என்ன கணக்குப் போட்டான், திரும்பிப் போய் வீட்டில் என்ன சொன்னான்? அவனிடம் இன்றே கேட்டாலன்றி, இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து இந்தச் சம்பவமும் காக்ஸ் கையேடு போலத்தான் இருக்கும்.

என் வீட்டுக் கதையே இருக்கிறது. ஆயாவின் பேச்சில் இருபத்தாறாம் நிமிடத்தில், மண்டித் தெரு டீக்கடையில் மூட்டை தூக்குபவர்களுக்குத் தனிக் குவளை இருந்ததைச் சொல்கிறாள். எந்தச் சாதிக்கு எது என்றும் சொல்கிறாள். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. புளியங்கொட்டை தட்டில் விழும் ஓசை மட்டும் கேட்கிறது. பிறகு, “நம்ம வூட்லயும் ஒரு லோட்டா தனியா இருந்துச்சு, நான்தான் கழுவாம கவுத்து வெப்பேன்” என்கிறாள். பெரியப்பாவுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். முகம் கறுத்துவிட்டது. “அந்தத் துண்டை மட்டும் அழித்துவிடு, அம்மா, செத்தவள் பெயரைக் கெடுக்காதே” என்றார். அவர் கெட்டவர் அல்லர். பொது நன்கொடை கேட்டு வரும் யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதவர். நான் அழிக்கவில்லை. அழித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் தெலுங்கில் படித்தவர், இந்த இதழை வாசிக்கமாட்டார். அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இது நேர்மையா என்று நீங்கள் கேட்டால், எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆயா அந்தச் சொல்லை யாரும் வற்புறுத்தாமல் தானே சொன்னாள் என்பது மட்டும் தெரியும்.

இத்தகைய பதிவுகளுக்கு முறை உண்டு. பேசுபவரிடம் முதலிலேயே எதற்காகப் பதிகிறோம் என்று உண்மையைச் சொல்லவேண்டும். நான் சொன்னது போலப் படிப்புக்கு என்று பொய் சொல்லக்கூடாது. பதிந்ததை அவருக்கே போட்டுக் காட்டவேண்டும். வேண்டாம் என்ற பகுதியை இருபது ஆண்டோ முப்பது ஆண்டோ பூட்டி வைக்க உறுதி தரவேண்டும். பூட்டுவது வேறு, அழிப்பது வேறு. இந்த முறை எனக்குத் தெரிந்திருந்தால் பெரியப்பாவுக்கு அன்று பதில் சொல்லியிருப்பேன்.

அறிவியல் மாணவர்களுக்கு ஒரு சொல். தேதியும் இடமும் கருவியும் குறிக்காத அளவு அளவன்று என்று நம் பேராசிரியர்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! குரலுக்கும் அதே விதிதான். பதிவின் தொடக்கத்திலேயே நாள், ஊர், பேசுபவர், கேட்பவர் ஆகியவற்றை வாயாலேயே சொல்லிவிடுங்கள். தாள் தொலையலாம், குரலுக்குள் இருப்பது குரலோடு போகும். குரற்செய்தியாக அனுப்பியதை மூலமாக நம்பாதீர்கள். சுருக்கும்போது உயர் அதிர்வெண்கள் வெட்டுப்படுகின்றன. ச, ஸ, ஷ போன்ற உரசொலிகளின் உயிர் அங்கேதான் இருக்கிறது. என் ஆயா ‘சந்தை’ என்றாளா ‘ஸந்தை’ என்றாளா என்பதை நான் இனி எந்தக் கருவி கொண்டும் அறிய முடியாது. சுருக்காத ஒலி பெரிய இடம் பிடிக்கும் என்று அஞ்சவேண்டாம். நொடிக்கு 48,000 மாதிரி, ஒவ்வொன்றும் 24 பிட் என்று ஒற்றைத் தடத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 மெகாபைட் ஆகும். ஒரு டெராபைட் வட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மணிக்கு மேல் கொள்ளும். நம் மன்ற உறுப்பினர் அத்தனை பேரும் ஆளுக்கு ஐந்து மணி பதிந்தாலும் அந்த வட்டு நிறையாது. சென்ற ஆண்டு விழாப் பந்தலுக்குக் கொடுத்ததைவிட வட்டின் விலை குறைவு என்பதையும் பொருளாளர் கவனிக்கவேண்டும்.

நான் வேண்டுவது பெரிதன்று. வரும் பொங்கல் விடுமுறையில் ஊருக்குச் செல்லும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு முதியவரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். தலைவர்களும் புலவர்களும் வேண்டாம். அவர்களுக்கு மேடை இருக்கிறது. மண்டியில் எடை போட்டவர், பேறு பார்த்த மருத்துவச்சி, சித்தூர்ப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர் இப்படிப் பாருங்கள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசினால் திருத்தாதீர்கள். பதிவை மூன்று படி எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை மன்றத்திலும் வையுங்கள். மூன்றாவதை உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். கட்டம் இல்லை என்பார்கள். ஒருவர் போனால் கட்டம் இல்லை. நாற்பது ஊரிலிருந்து நாற்பது பேர் அதே மாதம் போனால், மாவட்ட நூலக அலுவலகம் ஒரு கட்டம் போடுவதைப் பற்றியாவது யோசிக்கும். கையில் வீட்டு வரி இரசீதையும் எடுத்துச் செல்லுங்கள்.

நான் முதலில் போகப்போவது தாத்தாவோடு தோப்புக் காவல் இருந்த ஒருவரிடம். எழுபத்தெட்டு வயது, காது சற்று மந்தம். சென்ற மாதம் போய்க் கேட்டேன். மரங்களின் பெயர் அவருக்கும் தெரியுமாம். எல்லாம் அல்ல, கிணற்றுக்கு இந்தப் பக்கம் உள்ளவை மட்டும். “அந்தப் பக்கம் உங்க ஆயாவுக்குத்தான் தெரியும், அதைக் கேட்டுக்க” என்றார். அவள் இல்லை என்பதை அவருக்கு உரத்த குரலில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பொங்கலுக்கு மறுநாள் வரச் சொல்லியிருக்கிறார். என்னோடு வர விரும்புவோர் முதுகலைப் பௌதிக வகுப்பில் வந்து பெயர் கொடுக்கலாம்; நல்ல ஒலிவாங்கி ஒன்று யாரிடமாவது இருந்தால் இரவல் தருக.